சமவெளியில் கறிக்குட்டி வளர்க்க எந்தக் கலப்பினப் பெட்டைச் செம்மறி ஆடு வாங்கலாம்?

புல்வெளி (ஷ்ராப்ஷயர், இங்கிலாந்து)

வணக்கம். வரும் இலையுதிர்காலத்தில் 40 ஏக்கர் புல்நிலம் எனக்குக் குத்தகைக்கு வருகிறது. பெரும்பகுதி ரைப்புல்லும் வெள்ளைக் குளோவரும். ஆற்றை ஒட்டிய துண்டு மட்டும் களிமண். குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கும். 130 பெட்டை ஆடுகள் வரை தாங்கும் என்று நிலத்துக்காரர் சொல்கிறார். எனக்கு வேண்டியது கறிக்குட்டி. ஏப்ரலில் ஈன வேண்டும், தீவனச் செலவு அதிகமில்லாமல் புல்லிலேயே தேறி விற்பனைக்குப் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வேறு வேலை உண்டு. கொட்டகை ஒன்று இருக்கிறது; எல்லா ஆடுகளும் அதில் அடங்காது.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு டெக்சல் கலப்பைத் தவிர வேறெதுவும் ஆடே இல்லை. சந்தையில் விசாரித்தால் வட இங்கிலாந்து மியூல் என்கிறார்கள். வேல்ஸ் எல்லையிலிருந்து வரும் நண்பர் வேல்ஷ் மியூல் பக்கம் இழுக்கிறார். பல் விழத் தொடங்கிய ஆடுகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்றும் ஒருவர் ஆசை காட்டுகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடமலையான் (கம்ப்ரியா)

தம்பி, நான் வேலை பார்க்கும் பண்ணையில் மியூல்தான் உற்பத்தி. அதனால் என் பேச்சில் சொந்தச் சரக்கைப் புகழும் வாடை அடிக்கலாம். தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள்.

இந்த நாட்டு ஆட்டுத் தொழில் மூன்று படிகளாக இயங்குகிறது. உச்சியில் ஸ்வேல்டேல், ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் போன்ற மலையினங்கள். காற்றையும் மழையையும் தாங்கும், சொற்ப மேய்ச்சலில் பிழைக்கும், குட்டியை விட்டுக்கொடுக்காது. ஆனால் உடம்பு சிறியது, குட்டியும் குறைவு. அந்தப் பெட்டைகளைச் சற்றுக் கீழே உள்ள பண்ணைகளில் புளூஃபேஸ்டு லெஸ்டர் கிடாவுடன் சேர்க்கிறார்கள். அந்தக் கிடாவைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: நீண்ட காது, ரோமன் மூக்கு, மெல்லிய தோல், மழைக்கு நடுங்கும் உடம்பு. ஆனால் அதன் மகள்களுக்குப் பாலும் இரட்டைக் குட்டிக்கான திறனும் அதன் வழியாகத்தான் வருகின்றன. அந்த மகள்தான் மியூல். அவளைச் சமவெளிக்குக் கொண்டுபோய் டெக்சல், சஃபோக், ஷாரோலே போன்ற கறிக்கிடாவுடன் சேர்த்தால் பிறப்பது நீங்கள் விற்கப்போகும் குட்டி.

தாய் எஃப்1 கலப்பு, அதாவது இரண்டு தூய இனங்களின் முதல் தலைமுறைக் கலப்பு என்பதால் கலப்பின வீரியம் முழுதாக அவளிடம் இருக்கும். கருவுறும் திறன், குட்டி பிழைப்பது, தாய்க்குணம் போன்றவை தேர்வு வளர்ப்பில் மெதுவாகத்தான் முன்னேறும். கலப்பிலோ ஒரே தலைமுறையில் கிடைக்கும். குட்டியோ மூன்றாவது இனத்தின் கலப்பு. அதற்கும் தன் பங்குக்கு வீரியம் உண்டு. இந்த இரட்டை லாபம்தான் சமவெளிக்காரர்கள் ஆண்டுதோறும் வடக்கே வருவதற்குக் காரணம்.

செப்டம்பரில் ஹாஸ், கர்க்பி ஸ்டீபன், லாசன்பி ஏலங்களுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் சும்மா நின்று பார்ப்பது நல்லது. ஏலத்துக்கு முதல் நாள் குட்டிகளின் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள், உரோமத்துக்குப் பழுப்புச் சாயம் ஏற்றுவார்கள். முகத்தில் கருப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்திருந்தால் விலை ஏறும். அந்த அழகுக்குக் கொடுக்கும் பணம் குட்டிக்குப் பாலாக வராது. முகம் மங்கலாக இருக்கிறது என்று ஏலத்தில் தள்ளப்படும் கூட்டத்தில் முதுகு நீளமும் கால் நேர்மையும் இருந்தால் அதை எடுங்கள்.

கணக்கன் (ஹெர்ஃபோர்ட்ஷயர்)

வடமலையான் அண்ணா சொன்ன படிக்கட்டு அழகாக இருக்கிறது. கடைசிப் படியில் நிற்பவனின் முதுகுவலியைச் சொல்லவில்லை.

மியூல் நன்றாகத் தின்றால் மூன்று குட்டி போடுகிறது. ஆட்டுக்குக் காம்பு இரண்டு. மூன்றாவதை ஒற்றைக்குட்டித் தாயிடம் ஒட்டவைக்க வேண்டும், இல்லையென்றால் புட்டிப்பால். ஏப்ரல் மழையில், இரவு இரண்டு மணிக்கு, பனிக்குடம் உடைந்த ஒற்றைக்குட்டித் தாயைப் பிடித்து, அடுத்தவள் குட்டியை அந்த நீரில் நனைத்து மூக்கருகில் வைப்பது பண்ணையிலேயே இருப்பவனுக்குச் சரி. மூன்று நாள் வெளிவேலை பார்ப்பவருக்கு?

இரண்டாவது, உடம்பு. மியூலின் முதுகு எலும்பு கூர்மை, தொடை மெலிவு. நல்ல டெக்சல் கிடாவைப் போட்டாலும் குட்டியில் பாதி மியூல்தானே. என் டெக்சல் கலப்புத் தாய்களின் குட்டிகளில் பெரும்பகுதி யு தரத்தில் போகின்றன (கசாப்புக்கூடத்தில் சதைப்பிடிப்புக்கு ஈ, யு, ஆர், ஓ, பி என்று உயர்விலிருந்து தாழ்வாகத் தரம் போடுவார்கள்). மியூல் வைத்திருக்கும் நண்பருக்கு ஆர், சில ஓ. மூன்றாவது, வயதான பெட்டையைக் கழிக்கும்போது டெக்சல் இரத்தம் உள்ளதற்குச் சந்தையில் கிடைக்கும் விலையைப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் மியூல் வாங்குவது ஒரு பழக்கம். யாரும் கணக்குப் போட்டு வாங்குவதில்லை.

தெற்குச்சரிவு (பொவிஸ்)

கணக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு கணக்கே போடவில்லையே ஐயா. நான் போடுகிறேன். எல்லாம் உதாரண எண்கள். அவரவர் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

100 மியூலில் ஸ்கேன் 190 விழுக்காடு, அதாவது சினையை ஸ்கேன் செய்தால் 190 குட்டி தெரிகிறது என்று வையுங்கள். சினை இல்லாதது 4, ஒற்றை 16, இரட்டை 66, மூன்று போடுவது 14. டெக்சல் கலப்பில் 165 என்றால் வெறுமை 4, ஒற்றை 31, இரட்டை 61, மூன்று 4. ஸ்கேனிலிருந்து விற்பனை வரை மியூலில் 15 விழுக்காடும் மற்றதில் 12 விழுக்காடும் இழப்பு என்று வைத்தால் கைக்கு வருவது 161 குட்டி, 145 குட்டி. வித்தியாசம் 16. குட்டி 110 பவுண்டு என்றால் 1,760 பவுண்டு.

இனி உடம்புக்கு வாருங்கள். 145 குட்டியும் 19.5 கிலோ கறி எடையில், தரத்துக்காகக் கிலோவுக்கு 15 பென்ஸ் கூடுதலாக வாங்கினாலும் 424 பவுண்டுதான் வருகிறது. தரத்தால் எண்ணிக்கையை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் அந்த 1,760க்குள் 14 மூன்றுகுட்டித் தாய்களின் கூடுதல் தீவனமும் பால்மாவும் உங்கள் தூக்கமும் இருக்கின்றன. தூக்கத்துக்கு விலை போடத் தெரிந்தவர் முடிவு எடுக்கட்டும். புல்வெளி, உங்களுக்கான கேள்வி எது சிறந்த இனம் என்பதல்ல. ஏப்ரலில் அந்தப் பண்ணையில் எத்தனை கைகள் இருக்கும் என்பதே கேள்வி.

புல்வெளி

இரண்டு கைகள். அந்த மாதம் மூன்று வாரம் விடுப்பு எடுக்க முடியும். என் மனைவி உதவுவதாகச் சொல்கிறாள். ஆனால் அவள் கருவுற்றிருக்கிறாள், மே மாதம் பிரசவம்.

குளம்படி (கால்நடை மருத்துவர், யார்க்ஷயர்)

முதலில் அந்தக் கடைசி வரிக்கு. வாழ்த்துகள். ஆனால் உங்கள் மனைவி ஈற்று நேரத்தில் ஆடுகளின் பக்கமே வரக்கூடாது. தொற்று கருச்சிதைவு நோய்க் கிருமியும் டாக்ஸோபிளாஸ்மாவும் லிஸ்டீரியாவும் ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் திரவத்திலும் இருக்கக்கூடும், கருவுக்கு ஆபத்து. குட்டியைத் தூக்குவதும் வேண்டாம், உங்கள் அழுக்கு உடுப்பைத் துவைப்பதும் வேண்டாம். ஆகவே கணக்கில் ஒரு கையைக் கழித்துவிடுங்கள். சம்பளத்துக்கு ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். மார்ச்சில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

இனத்தைப் பற்றி இத்தனை பேர் பேசிவிட்டீர்கள். ஆட்டோடு சேர்ந்து எது லாரியில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் வாங்குவதாக இருந்தால் இனத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். 130 ஆடுகளையும் ஒரே பண்ணையிலிருந்து வாங்க முடிந்தால் அதுதான் முதல் வெற்றி. ஏலத்தில் பத்துக் கூட்டங்களில் பொறுக்கி எடுத்தால் பத்துப் பண்ணைகளின் நோய்களையும் சேர்த்து வாங்கியதாக அர்த்தம். மேடி விஸ்னா, நுரையீரல் கட்டி நோய், ஜோனி நோய் மூன்றும் மெதுவாக வருபவை. இரண்டு பல் பெட்டை (ஒன்றரை வயதை ஒட்டியது) பார்க்கப் பளபளவென்று இருக்கும்; மூன்றாம் ஈற்றில் உருகும். இவற்றுக்கு மருந்து இல்லை. மேடி விஸ்னாவுக்கும் தொற்று கருச்சிதைவுக்கும் சோதித்துச் சான்று பெற்ற மந்தைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வந்து இறங்கியதும் பழைய ஆடு மேய்ந்த புல்லில் விடாதீர்கள். மருந்துக்கு மசியாத குடற்புழு வரும் வழி இதுதான். புதிய வகைப் புழுமருந்து கொடுத்து, ஒன்றிரண்டு நாள் கொட்டகையில் நிறுத்தி, பிறகு விடுங்கள். குறைந்தது நான்கு வாரம் தனிமை. உங்களுக்கு இது முதல் மந்தை. பழைய ஆடு இல்லை என்று அலட்சியம் வேண்டாம், முதல் நாள் இறங்கும் புழுதான் உங்கள் நிலத்துப் புழுவாகப் போகிறது. சொறிக்கு ஊசி மட்டும் போதும் என்று இப்போது சொல்ல முடியவில்லை, அதற்கும் மசியாத பூச்சி வந்துவிட்டது. மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் நடமாடும் சேவைக்காரரைக் கூப்பிடுங்கள். ஆற்றோரத் துண்டு இருப்பதால் கல்லீரல் தட்டைப்புழுவும் கவனத்தில் இருக்கட்டும்.

தடுப்பூசிக்கு நாள் எண்ணிக்கொள்ளுங்கள். கருச்சிதைவு ஊசி கிடா சேர்ப்பதற்கு நான்கு வாரம் முன்னும் டாக்ஸோ ஊசி மூன்று வாரம் முன்னும் முடிந்திருக்க வேண்டும். நவம்பர் 5 வாக்கில் கிடா விட்டால்தான் ஏப்ரல் முதல் வாரம் ஈற்று, 147 நாள் கணக்கு. அப்படியானால் அக்டோபர் தொடக்கத்தில் ஊசி. செப்டம்பர் கடைசியில் ஆடு வாங்குபவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

வாங்கும்போது கையால் பாருங்கள். உதட்டை விலக்கினால் கீழ்வரிசைப் பல் மேல் ஈறின் மெத்தையில் சரியாக உட்கார வேண்டும். முன்னே துருத்தினாலும் பின்னே ஒதுங்கினாலும் ஐந்தாவது வயதில் புல் கடிக்காது. தாடையின் ஓரம் விரலை ஓட்டுங்கள், கடைவாய்ப் பல் பக்கம் முண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். ஈன்ற ஆடாக இருந்தால் உட்காரவைத்து மடியை இரு கையாலும் பிசைந்து பாருங்கள். நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும் அது பழைய மடிநோய்; அந்தப் பக்கத்துக் குட்டி பட்டினிதான். குளம்புக்கு நடுவே மூக்கை வைத்தால் அழுகல் உங்களுக்கே தெரியும்.

கறிக்கடை (லெஸ்டர்)

டாக்டர் அக்கா, அந்த மூக்கு யோசனைக்கு நன்றி. மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டேன்.

வெட்டுகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு சொல். யு, ஆர் என்று தரம் பேசுவது பெரிய கசாப்புக்கூடங்களுக்கு. அங்கே கொழுப்பு 3எல் (நடுத்தரக் கொழுப்பு), உடம்பு ஆர் அல்லது அதற்கு மேல், 16 முதல் 21 கிலோ வரை கறி எடை என்றால் காசு. 21க்கு மேல் போகும் எடைக்குப் பல இடங்களில் பணம் தருவதில்லை. மியூல் குட்டி வளர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை தராசில் ஏற்றாதவன் இலவசமாகக் கறி கொடுக்கிறான். முதுகெலும்பின் ஓரத்தையும் வால் அடியையும் விரலால் அழுத்திப் பழகுங்கள்.

என் போன்ற கடைக்கு வேறு கணக்கு. எங்களிடம் வருபவர்கள் பங்கு பங்காக எலும்போடு வெட்டிக் கேட்கிறார்கள். தொடை உருண்டையா என்று யாரும் பார்ப்பதில்லை, கொழுப்பு அதிகமா என்றுதான் பார்க்கிறார்கள். ஹஜ் பெருநாள் பத்துப் பதினொரு நாள் ஒவ்வோர் ஆண்டும் முன்னே வருகிறது. எந்த மாதத்தில் எந்த எடைக் குட்டிக்குக் கிராக்கி என்பது அதோடு நகரும். ஏப்ரலில் ஈனும் மந்தைக்குப் பெருநாள் மே மாதத்தில் வந்தால் பயன் இல்லை. முந்தைய ஆண்டின் பிந்திய குட்டியை வைத்திருந்தவனுக்குத்தான் விலை.

கழித்த பெட்டைகளும் எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான் வருகின்றன. நல்ல சதையோடு வந்தால் மியூலுக்கும் மதிப்பு உண்டு. எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்து இனத்தைக் குறை சொல்லக்கூடாது.

தெற்குச்சரிவு

புல்வெளி வேல்ஷ் மியூலைப் பற்றிக் கேட்டிருந்தார், இடையில் கை தவறிப் போனது. இங்கே வேல்ஷ் மலை ஆடு, பியூலா போன்றவற்றுக்கு அதே புளூஃபேஸ்டு லெஸ்டர் கிடா. வட இங்கிலாந்து மியூல் 70 முதல் 80 கிலோ வரை போகும். எங்களது அதைவிடச் சிறியது. பிடித்து உட்காரவைக்க முதுகு போகாது. அதே நிலத்தில் ஏக்கருக்கு அரை ஆடாவது கூடுதலாக விடலாம். தாயின் ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ குட்டி பால்குடி மறந்தது என்று பார்த்தால் சின்ன உடம்புத் தாய்க்குத்தான் மதிப்பெண் கூடும். பெரிய ஆடு குளிர்காலம் முழுக்கத் தன் உடம்பைக் காப்பாற்றவே தின்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். சின்னத் தாய்க்குக் கனத்த கிடா போட்டால் ஈற்று சிக்கலாகும். கழிக்கும்போது எடை குறைவு, பணமும் குறைவு. இன்னொன்று, வேல்ஸிலிருந்து வாங்குவதாக இருந்தால் நீலநாக்கு நோய்க்கான நடமாட்ட விதி அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் கென்ட்டில் அந்த நோயின் மூன்றாம் வகை தெரிந்த நாளிலிருந்து விதி மாறிக்கொண்டே வருகிறது.

பெட்டைக்குட்டியாக வாங்குவது விலைக்கு மலிவு. ஆனால் முதிர்ந்த எடையில் 60 விழுக்காடு வராத குட்டிக்கு அந்த ஆண்டு கிடா விடாதீர்கள். 75 கிலோ இனத்துக்கு 45 கிலோ. எட்டாததை ஓராண்டு சும்மா மேய்த்து இரண்டு பல்லில் சேர்க்கலாம். புதியவருக்கு நான் இரண்டு பல் பெட்டையையே சொல்வேன், தலையீற்றுதான் என்றாலும் உடம்பு தயாராக இருக்கும். அதைவிட, ஒன்றிரண்டு ஈற்று கண்ட நான்கு பல், ஆறு பல் ஆடுகள் கலைப்பு விற்பனையில் (மந்தையையே மொத்தமாக விற்றுவிடுவது) ஒரே மந்தையாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அவை உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும். பல் கொட்டிய ஆடு மட்டும் வேண்டாம். பாதி விலை என்கிறார்களே, ஓர் ஈற்றோடு முடிகிறது. அடுத்த ஆண்டு மறுபடி வாங்கி மறுபடி நோயை இறக்க வேண்டும்.

மேய்ச்சல்தாய் (ஈரோடு)

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். வெளியிலிருந்து ஆண்டுதோறும் வாங்குவதால்தானே நோய்த் தொல்லை? குட்டிகளிலேயே நல்ல பெட்டையை நிறுத்திக்கொண்டால் என்ன? எங்கள் ஊரில் யாரும் தாய் ஆட்டை வாங்கிக்கொண்டே இருப்பதில்லை.

வடமலையான்

நல்ல கேள்வி அம்மா. மியூலுக்கு டெக்சல் போட்டுப் பிறந்த பெட்டையை நிறுத்தினால் அதுவே கணக்கன் வைத்திருக்கும் டெக்சல் கலப்பு. அதுவரை சரி. ஆனால் அதற்கு மறுபடி டெக்சல் போட்டு அதன் மகளையும் நிறுத்தினால் தலைமுறைக்குத் தலைமுறை பாலும் இரட்டைக் குட்டியும் குறையும், வீரியம் கரையும், ஈற்றில் தலை பெருத்துக் கை போட வேண்டி வரும். மூடிய மந்தை வேண்டும் என்றால் அதற்கென்று தாயினம் வேண்டும். லின் இனத்தை அதற்காகத்தான் பலர் வைத்திருக்கிறார்கள். அபர்ஃபீல்டு, ஹைலாண்டர் போன்ற புதுக்கலப்புகளும் உண்டு. ஒரு பகுதிக்குத் தாயினக் கிடா, மீதிக்குக் கறிக்கிடா என்று மந்தையைப் பிரிக்க வேண்டும். 130 ஆட்டில் இரண்டு குழு, இரண்டு வகைக் கிடா, இரண்டு வேலி என்பது தலைவலி.

உங்கள் பக்கத்திலும் இந்த இரத்தம் உண்டு என்பது தெரியுமா? ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா பண்ணையில் காக்கும் நீலகிரி ஆடு, 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர்க் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவானது. செவியட் எங்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லை மலைகளின் ஆடு.

மேய்ச்சல்தாய்

பார்த்திருக்கிறேன், வெள்ளை ஆடு. அது செவியட்டின் உறவு என்பது இன்றுதான் தெரியும். இந்த மியூலை இங்கே இறக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மழைக்கே நடுங்கும் கிடாவின் மகள் எங்கள் சித்திரை வெயிலுக்கு என்ன ஆவாள் என்று யோசித்து அடக்கிக்கொண்டேன்.

கணக்கன்

சரி, தெற்குச்சரிவின் கணக்கை இரவு உட்கார்ந்து என் எண்களில் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கையில் மியூல் முந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கூலி ஆள் கிடையாது, அதனால் என் முடிவு மாறவில்லை.

புல்வெளி மியூலுக்குப் போவதானால் கிடாவையாவது கவனமாக எடுக்கட்டும். தாயிடம் இல்லாத தொடையைக் கிடாதான் தர வேண்டும். கண்காட்சிக் கிடாவுக்குப் பணம் கொட்டாமல், சிக்னெட் எண்கள் (கிடாவின் மரபுத் திறனை அளந்து தரும் மதிப்பெண்கள்) உள்ள பண்ணையில் சதை ஆழமும் எட்டு வார எடையும் பார்த்து வாங்குங்கள். ஷாரோலே போட்டால் ஈற்று எளிது. குட்டி மெல்லிய உரோமத்தோடு பிறக்கும், திறந்தவெளி ஏப்ரல் மழையில் சுருண்டுவிடும். சஃபோக் வேகமாக வளரும், தலை பெரிது. கொட்டகை போதாதவருக்கு டெக்சல்தான். 130 பெட்டைக்கு மூன்று கிடா. ஒன்று நொண்டினால் என்ன செய்வது என்று முன்பே யோசியுங்கள்.

புல்வெளி

எல்லோருக்கும் நன்றி. முடிவு இது. 130 வேண்டாம், முதல் ஆண்டு 90. தெரிந்தவர் வழியாக ஒரே பண்ணையிலிருந்து இரண்டு பல் வட இங்கிலாந்து மியூல். மேடி விஸ்னாவுக்கு இரத்தம் சோதித்த சான்று கேட்டிருக்கிறேன். ஆகஸ்டு கடைசியில் கொண்டுவருவதாகப் பேச்சு. டெக்சல் கிடா இரண்டு, கடன் கேட்க ஒரு பக்கத்து வீடு. ஏப்ரலுக்கு வேளாண் கல்லூரி மாணவர் ஒருவரைச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே சந்தேகம். ஸ்கேனில் மூன்று என்று வருபவற்றை விற்றுவிடலாமா?

குளம்படி

சினையோடு விற்கலாம், வாங்க ஆள் உண்டு. ஆனால் முதல் ஆண்டு உங்கள் எண்ணிக்கை குறைவு, வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தனியே பிரித்துக் கொட்டகையில் ஈனவையுங்கள். இரட்டை போடுபவை வெளியே ஈனட்டும். கடைசி ஆறு வாரம் தீவனத்தைக் குட்டி எண்ணிக்கைப்படி கூட்டுங்கள். ஈற்றுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சிலவற்றின் இரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சினைநச்சு (கடைசிச் சினையில் தீவனச் சத்து போதாமல் தாய்க்கு வரும் நோய்) வருமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கடன் கிடா வேண்டாம். அது பக்கத்து வீட்டு நோயையும் கடனாகக் கொண்டுவரும். மூன்றாவதையும் வாங்கிவிடுங்கள்.

கணக்கன்

இதில் மட்டும் டாக்டருடன் உடன்படுகிறேன். வாங்கும் கிடாவும் நான்கு வாரம் தனியே நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், செப்டம்பர் கடைசிக்குள் வீட்டில் இருக்கட்டும்.